பெல்ட் தாமதமானால் என்ன?

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்குப் பத்து வயது. போன ஜூனிலிருந்து கோஜு-ரியூ என்ற பாணியைக் கற்றுத்தரும் ஒரு கராத்தே வகுப்புக்குப் போகிறாள். ஏழெட்டு மாதமாக ஒரே கட்டாதான் (தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு), பெயர் கெகிசாய். எதிராளியோடு மோதிப் பழகும் குமிட்டே இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பெல்ட் டெஸ்ட் எப்போது என்று கேட்டால் மாஸ்டர் "பார்க்கலாம்" என்கிறார். அவளுடைய தோழி வேறொரு வகுப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் வாங்கி, இப்போது ஆரஞ்சு கட்டிக்கொண்டு திரிகிறாள். எங்கள் மாஸ்டரோ "இதுதான் ஒகினாவா மரபு" என்று முடித்துவிடுகிறார். வீட்டுக்காரர் காசுக்குத் தண்டம் என்கிறார். கராத்தே பிறந்த அந்த ஜப்பானியத் தீவு ஒகினாவாவுக்கு நீங்கள் போய்வந்தவர் என்பதால் கேட்கிறேன். வகுப்பை மாற்றிவிடலாமா?

சுமதி, ஈரோடு

அன்புள்ள சுமதி,

மாற்ற வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் மாஸ்டர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பெல்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கருப்பு பெல்ட்டுக்குரிய டான் பட்டம் ஒகினாவாவில் பிறந்ததே இல்லை. அது ஜூடோவில் இருந்த முறை. அதைக் கராத்தேக்குக் கொண்டுவந்தவர் ஃபுனாகோஷி கிச்சின். 1924-ல் டோக்கியோவில் தன் மாணவர்கள் சிலருக்கு முதன்முதலாகக் கொடுத்தார். கோஜு-ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன், 1953-ல் இறக்கும்வரை தன் மாணவர் ஒருவருக்குக்கூட டான் கொடுக்கவில்லை. எனவே பெல்ட் தாமதமாவதில் உங்கள் மகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கிரேடிங் ஃபீஸ் மிச்சம்.

மரபு என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் பிணக்கு. மியாகியின் குரு ஹிகாவோன்னா கான்ரியோ, புதிதாக வருபவரை சான்சின் என்ற ஒரே கட்டாவில் மூன்று வருடம் நிறுத்திவைப்பார் என்று சொல்வார்கள். சரி. ஆனால் அவரிடம் அப்படி நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், தாங்களாகத் தேடி வந்தவர்கள். நாலாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. ஒகினாவாக்காரர்களே போடவில்லை.

1901-ல் ஒகினாவாவின் ஷூரி நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில்தான் கராத்தே முதன்முதலாகப் பாடமாக நுழைந்தது. கொண்டுபோனவர் இட்டோசு அங்கோ, அப்போதே எழுபதை நெருங்கியிருந்த கிழவர். அதுவரை ராத்திரியில், யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில், ரகசியமாகக் கற்றுக்கொடுத்த வித்தை அது. பள்ளிக்கு அது சரிப்படாது என்று அவருக்குத் தெரிந்தது. பெரிய கட்டாக்களைக் குழந்தைகள் தலையில் ஏற்றாமல், பினான் என்று ஐந்து சிறிய கட்டாக்களைச் செய்தார். வரிசையில் நின்று எண்ணிக்கைக்குக் குத்துவிடும் காட்சி இருக்கிறதே, நாம் ஆதிகாலத்துப் பழக்கம் என்று நினைப்பது, அது இந்தப் பள்ளிக்கூட டிரில்லில் இருந்து வந்ததுதான். மியாகியும் இதே வேலையை 1940-ல் செய்தார். இளையவர்களும் புதியவர்களும் பழகட்டும் என்று அவர் அமைத்ததுதான் உங்கள் மகள் செய்யும் கெகிசாய். பெரியவர்களுக்கான பாடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததல்ல, இளையவர்களை மனதில் வைத்தே செய்த பாடம். ஏழெட்டு மாதம் அதில் நிற்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

"ஒழுக்கம் வரும்" என்று சொல்லி நிறையப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1908-ல் இட்டோசு அதிகாரிகளுக்கு எழுதிய புகழ்பெற்ற பத்துக் குறிப்புகளில், அவசரப்படாதே, வம்புக்கு வருபவனைக் காயப்படுத்தாமல் விலகிப் போ என்றெல்லாம் இருக்கிறது. சின்ன வயதிலேயே பழகினால் பிற்காலத்தில் படைக்கு உதவும் என்றும் இருக்கிறது. அவர் போய்ப் பாடம் எடுத்த இடங்களில் ஒன்று மாகாணத்தின் முதலாம் நடுநிலைப் பள்ளி. 1945 ஒகினாவா போரில் அந்தப் பள்ளி மாணவர்களைப் பதினான்கு வயதிலிருந்தே சிறுவர் படையாகத் திரட்டினார்கள், பலர் திரும்பவில்லை. தீவின் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்த போர் அது. கராத்தேதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கத்தினால் உடனே கீழ்ப்படியும் பிள்ளையைப் பார்த்து நான் பெரிதாக மகிழ்வதில்லை.

ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் நான் பார்த்த டோஜோக்கள், அதாவது பயிற்சிக்கூடங்கள், பெரும்பாலும் ஆசிரியர் வீட்டின் கீழ்த்தளம்தான். போர்டு இல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர். ஏழு வயதுப் பெண்ணும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே தரையில். முதலில் எல்லோரும் ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறார்கள், தாத்தாவும்தான். அப்புறம் கட்டா. ஆசிரியர் அதட்டவே இல்லை. ஒரு பையனின் பின்னங்காலைத் தன் காலால் லேசாக வெளியே தள்ளினார், அடுத்த பிள்ளையின் தோளைக் கீழே அழுத்தினார், நகர்ந்துவிட்டார். அந்தப் பையன் இன்னொரு முறை செய்தபோது குதிகால் சரியாக இருந்தது, அது அவனுக்கே தெரிந்தது. குழந்தைக்கு இதில் கிடைப்பது என்ன என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். தன் உடம்பு எங்கே நிற்கிறது, மூச்சு எங்கே போகிறது என்று பத்து வயதில் கவனிக்கக் கற்பது. வேறு எந்தப் பாடத்திலும் அதற்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை.

அதனால் ஒருநாள் முழு வகுப்பும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் உங்கள் மகளிடம் வந்து திருத்துகிறாரா, அல்லது எண்ணிக்கையை மட்டும் கத்திவிட்டு போனைப் பார்க்கிறாரா? இரண்டாவது என்றால் அது சோம்பேறித்தனம், அதற்கு ஒகினாவா பொறுப்பல்ல. கட்டாவில் உள்ள ஒவ்வொரு அசைவும் எதற்கு என்று ஜோடியாக நிறுத்திச் செய்துகாட்டுகிறாரா என்றும் பாருங்கள். இதைப் புன்காய் என்பார்கள். அது இருந்தால் குமிட்டே தாமதமாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இல்லை என்றால் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், ஃபீஸ் கட்டுகிறீர்கள். அதேபோல, மரபு என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளை மகிவாராப் பலகையில் குத்தவைத்தாலோ, சான்சின் நிற்கும்போது தோளிலும் முதுகிலும் ஓங்கி அறைந்து சோதித்தாலோ, அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். வளரும் எலும்புக்கு அதெல்லாம் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கியுனா ரியோ செய்த கட்டாவை யூடியூபில் காட்டுங்கள். ஒகினாவாக்காரர், ஐந்து வயதில் பழகத் தொடங்கியவர். எதிரே ஆளே இல்லாமல், கட்டா மட்டும் செய்து தங்கம் வாங்கினார். வீடியோ சில நிமிடம்தான். அப்படியும் தண்டம் என்று சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.