எண்ணெயில் நீர் தங்கலாகாது: வீட்டுத் தைலங்கள் பற்றி வாசகர் கேள்விகள், சித்த மருத்துவர் பதில்கள்

வீட்டில் காய்ச்சும் மூலிகை எண்ணெய்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி வைத்தேன். மூன்று வாரத்தில் புளித்த வாடை அடித்து, மேலே பூசணம் படர்ந்துவிட்டது. மறுபடியும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா? இந்த எண்ணெயால் முடி வளருமா? (வாசகி, ராசிபுரம்)

பதில்: அந்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்தால் பூசணம் சாகலாமே தவிர, அது எண்ணெயில் விட்டுச் சென்ற நச்சும் சிக்குவாடையும் போகா.

எண்ணெய் கெட்டதற்குக் காரணம் மூலிகை அன்று, அதிலிருந்த நீர். சுத்தமான எண்ணெயில் பூசணம் வளர்வதில்லை. பச்சை இலையும் வெங்காயமும் கொண்டுவரும் நீர் முழுவதும் வற்றாமல் அடியில் தங்கும்போதுதான் அது வளர்கிறது. ஆகவே, தைலம் காய்ச்சுவது என்பதே மூலிகையின் சாரத்தை எண்ணெயில் இறக்கிவிட்டு நீரை வெளியேற்றும் வேலை என்று கொள்ளலாம். இலைகளைக் கழுவி, ஈரம் போக நிழலில் துணியில் பரப்பி வாடவிட்ட பிறகு அரையுங்கள். பொங்கி வழியும் என்பதால் அடிகனமான, வாயகன்ற பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், சிறு தீயில் வைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்போது இறக்குவது என்பதற்கு நம் வைத்திய முறை கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை, பதத்தைப் பார்க்கச் சொல்கிறது. கற்கம், அதாவது அரைத்துப் போட்ட விழுது, முதலில் சேறுபோல இருக்கும். அது வண்டல் பதம். பிறகு விரலில் எடுத்து உருட்டினால் மெழுகாகத் திரளும். அதற்கும் பிறகு மணல்போல உதிரும். வண்டல் பதத்தில் இறக்கிய எண்ணெய்தான் உங்களுடையதைப்போலக் கெட்டுப்போகிறது. மணல் பதத்தையும் தாண்டவிட்டால் கருகல் வாடை வந்து சாரமும் எரிந்துபோகும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு, விழுது விரலில் ஒட்டாமல் திரியாக உருளும் நிலை போதுமானது. அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடவென்று பொரியாமல் எரிய வேண்டும்; பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். பாத்திரத்திலிருந்து வரும் சலசலப்பு ஓசை அடங்குவதும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே உலர்ந்த துணியில் வடிகட்டி, ஒரு நாள் தெளியவிட்டு, அடி வண்டலை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வெயிலில் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். சூடு முழுவதும் ஆறிய பிறகுதான் மூட வேண்டும், இல்லையேல் மூடியில் வேர்க்கும் நீர் எண்ணெயிலேயே சொட்டும். குளியலறையில் ஈரக் கையை விட்டு எடுக்கும் வழக்கம் எத்தனையோ நல்ல எண்ணெயைக் கெடுத்திருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் காய்ச்ச வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சத்தும் எண்ணெயில் இறங்கிவிடுவதில்லை. மஞ்சளின் நிறமும் வேம்பாளம்பட்டையின் சிவப்பும் எண்ணெயில் கரையும். செம்பருத்திப் பூவின் சிவப்பும் அதன் இலையின் வழவழப்பும் நீரில் கரைபவை, எண்ணெய்க்கு வாரா. செம்பருத்தியின் பயன் வேண்டுமானால் இலையை அரைத்துச் சீயக்காய்போலத் தேய்த்துக் குளிப்பதே நேர்வழி.

முடி வளருமா என்றால், தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவி அது உடைவதையும் வறள்வதையும் குறைக்கிறது. இருக்கும் முடி காப்பாற்றப்படுவதால் அடர்த்தி கூடியதுபோலத் தெரியும். இரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும் உதிரும் முடியை எந்த எண்ணெயும் நிறுத்தாது. பொடுகு மிகுந்தவர்கள் எண்ணெயை இரவெல்லாம் தலையில் ஊறவிடுவதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பொடுகுக்குத் துணைபோகும் நுண்ணுயிர் கொழுப்பைத் தின்றே பெருகுகிறது.

கேள்வி: பூண்டுப் பற்களை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு வைத்துச் சமையலுக்கும், காதுவலி வந்தால் காதில் விடவும் பயன்படுத்துகிறோம். எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (வாசகி, காரைக்குடி)

பதில்: அறை வெப்பத்தில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம் என்பதே பதில். மண்ணில் விளையும் பூண்டில் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்பற்ற இடம் கிடைத்தால் அது முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கிறது. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். கனடாவின் வான்கூவர் நகரில் 1985இல் ஓர் உணவகத்தில், குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்த பூண்டெண்ணெயால் பலர் இந்த நோய்க்கு ஆளானார்கள். வாடையோ சுவையோ மாறாது என்பதால் முகர்ந்து கண்டுபிடிக்கவும் வழியில்லை. நீர் கொதிக்கும் சூட்டில் அந்த வித்துகள் சாவதுமில்லை. பூண்டு ஊறுகாய் கெடாமல் இருப்பது அதிலுள்ள புளியாலும் உப்பாலுமே அன்றி எண்ணெயால் அன்று. சமையலுக்கு அன்றன்று தாளித்துக்கொள்ளுங்கள். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

காதில் எதையும் விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. இருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போய்விடும்.

கேள்வி: வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தேன். ஊதா நிறம் வரும் என்றார்கள், வரவில்லை. எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது. இதைத் தடவினால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: நிறம் வராததற்கு, நீங்கள் பறித்தது வெட்பாலைதானா என்ற ஐயமே முதலில் எழுகிறது. குடசப்பாலையையும் வெட்பாலையையும் மாற்றிப் பறிப்பவர்கள் ஏராளம். காய்க்கும் காலத்தில் பார்த்தால் குழப்பம் தீரும்: வெட்பாலையின் காய்கள் இரட்டையாகத் தொங்கி, இளசாக இருக்கும்போது நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், குடசப்பாலையில் அவை தனித்தனியே பிரிந்து தொங்கும். சரியான இலையாக இருந்தால், ஈரமில்லாமல் துடைத்துக் கிள்ளிப் போட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தில் நல்ல வெயிலில் சில நாள் வைத்தாலே எண்ணெய் கருஊதாவாக மாறிவிடும். இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயமே எடுத்தார்கள்.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்லப்படும் சொரியாசிசுக்கு இத்தைலம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. செதிலும் அரிப்பும் தணிய உதவுகிறது. ஆனால் இந்த நோயின் வேர் தோலில் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதில் இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடல் முழுவதும் சிவந்து உரியும் ஆபத்தான நிலைகூட வரலாம். எனவே மருந்தைக் குறைப்பது உங்கள் தோல் மருத்துவரின் முடிவாக இருக்கட்டும். தைலம் தடவுவதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: என் ஐந்து மாதக் குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரம் போட்டுச் சூடாக்கிய தேங்காய் எண்ணெயை மார்பில் தடவி, மூக்கிலும் ஒரு சொட்டு விடச் சொல்கிறார் மாமியார். கொஞ்சம் வேப்பெண்ணெயும் உள்ளுக்குக் கொடுக்கலாம் என்கிறார். செய்யலாமா? (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: மூன்றையும் செய்யாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். இரண்டு வயதுக்குக் கீழே அதை எந்த வடிவிலும் தடவ வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி எளிதில் ஆறாத அழற்சியை ஏற்படுத்தலாம். வேப்பெண்ணெயைப் பொறுத்தவரை உங்கள் நாட்டிலேயே பாடம் இருக்கிறது: சிறு உபாதைகளுக்காக அது புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981இல் பதிவு செய்திருக்கிறார்கள். மாமியாரின் கைப்பக்குவத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். குளிப்பாட்டுமுன் உடம்பில் வெறும் தேங்காய் எண்ணெயை இதமாகத் தேய்த்துவிடும் வேலையை அவரிடமே கொடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிரைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூட்டுவலிக்கு எருக்கிலைத் தைலம் வீட்டில் காய்ச்சலாமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: நொச்சி இலையில் காய்ச்சுங்கள், அதுவே போதும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். பறிப்பதும் அரைப்பதும் பழக்கமில்லாதவர் செய்யும் வேலை அன்று. எந்தத் தைலமானாலும் முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு மூட்டில் தேயுங்கள். மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கியிருந்தால் தேய்க்கவே கூடாது.

கேள்வி: நான் காய்ச்சும் எண்ணெயைத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப் மூலம் விற்கத் தொடங்கியிருக்கிறேன். ஏதாவது அனுமதி வேண்டுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டும். நோய் தீரும் என்று சொல்லி விற்றால் அது சித்த மருந்து. வெறும் கூந்தல் எண்ணெய் என்றால் அழகுசாதனப் பொருள். இரண்டையும் விற்பனைக்காகத் தயாரிப்பதற்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். உரிமம் கிடைக்கும்வரை விற்பனையை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் காய்ச்சினீர்கள் என்பதை இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். யாருக்காவது ஒவ்வாமை ஏற்பட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.