பெஞ்சமினை அதட்ட ஆளில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

துபாயில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பிலிப்பினோ நண்பர்கள் வற்புறுத்தியதால் 'தி அன்கபோகபிள் ப்ரேபேட் பெஞ்சமின்' (2011), அதன் இரண்டாம் பாகமான 'தி அமேசிங் ப்ரேபேட் பெஞ்சமின்' (2014) இரண்டையும் பார்த்தேன். முதல் படத்தில் வசனம் பாதி புரியாமலே சிரித்தேன். இரண்டாவதில் அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். விமர்சகர்களும் அதைக் கிழித்திருக்கிறார்கள். ஆனால் வசூலில் அதுதான் முதல் படத்தை முந்தியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அங்கே வெளிநாட்டுப் படங்களே ஓடாது, அதனால்தான் என்கிறார் ஒரு நண்பர். விஷயம் அவ்வளவுதானா? ராணுவ நகைச்சுவைக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் ஏன் சொதப்புகிறது?

ரா., துபாய்

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி.

கிறிஸ்துமஸுக்கு அங்கே வெளிநாட்டுப் படங்கள் ஓடாததற்குக் காரணம் மெட்ரோ மணிலா திரைப்பட விழா. இரண்டாம் பாகம் வந்தது அதில்தான். பெயரைக் கேட்டதும் பாஸ் மாட்டிக்கொண்டு உலக சினிமா பார்க்கும் விழா என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு வெளியீட்டு ஏற்பாடு. டிசம்பர் 25 முதல் ஜனவரி முதல் வாரம்வரை, தேர்வான உள்ளூர்ப் படங்களுக்கே தியேட்டர். ஹாலிவுட் வெளியே காத்திருக்கும். விழா தொடங்கியது 1975இல். அதே ஆண்டில்தான் மார்கோஸ் அரசு பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் கட்டாயமாக்கும் 851ஆம் ஆணையைப் பிறப்பித்தது. அதை டிசம்பர் 24க்குள் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் படங்கள் வெளியாகின்றன. போதாததற்கு, கிறிஸ்துமஸ் அன்று ஞானத்தகப்பன், ஞானத்தாய் (நினோங், நினாங் என்பார்கள்) பிள்ளைகளின் கையில் 'அகினால்டோ' என்று காசு வைப்பார்கள். பெரியவர்களிடம் போனஸ், பிள்ளைகளிடம் கைக்காசு, எல்லோருக்கும் விடுமுறை, தியேட்டர்களில் பெரும்பாலானவை மால்களுக்குள். ஐந்து பேர் கிளம்பிய குடும்பத்தில் எந்தப் படம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஏழு வயதுக்காரர். இரண்டாம் பாகத்தில் ஒரு ஏழு வயதுச் சிறுவன் இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இனி நண்பர் தவறவிட்ட பாதி. முதல் படம் விழாவில் வரவில்லை. 2011 அக்டோபர் 26, சாதாரண நாளில், ஹாலிவுட்டோடு போட்டி போட்டு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த 'நோ அதர் வுமன்' அப்போதுதான் உள்ளூர் வசூல் சாதனையை முறியடித்திருந்தது. பெஞ்சமின் அதையும் தாண்டி சுமார் 33 கோடி பெசோவுக்குப் போனது. 2014 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்துக்குச் சொல்லப்படும் கணக்கு 45 கோடிக்குக் கொஞ்சம் மேலே. அங்கே இந்தக் கணக்குகள் பெரும்பாலும் தயாரிப்புத் தரப்பிலிருந்து வருபவை, எனவே கடைசி இலக்கத்தில் தொங்க வேண்டாம். என் கணக்கில் 33 கோடிதான் பெரிய வெற்றி. பாதுகாப்பு ஏதும் இல்லாமல் எடுத்தது அது.

பெஞ்சமினாக நடிக்கும் நகைச்சுவை நட்சத்திரம் வைஸ் காண்டாவை விழாதான் தூக்கி நிறுத்தியது என்பதும் நிற்காது. 2016இல் தேர்வுக்குழு அவருடைய 'தி சூப்பர் பேரன்டல் கார்டியன்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நகைச்சுவை நடிகரான விக் சோட்டோவின் 'எந்தேங் கபிஸோத்தே 10' படத்துக்கும் இடமில்லை. இரண்டும் நவம்பர் 30 அன்று விழாவுக்கு வெளியே வந்தன. வைஸ் காண்டாவின் படம் பெஞ்சமின் இரண்டையும்விட அதிகம் வசூலித்தது. ஜனங்கள் அவருக்காகத்தான் வருகிறார்கள், டிசம்பரில் இன்னும் வசதியாக வருகிறார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். ராணுவ நகைச்சுவை ஓடுவதற்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: சீருடை, வரிசை, அதட்டுகிற ஒரு மேலதிகாரி, வரிசையில் பொருந்தாத ஒருவர். பத்துப் பேர் ஒரே தாளத்தில் கால் எடுத்துவைக்க, பதினோராவது ஆள் அரை வினாடி தள்ளி வைக்க வேண்டும். அந்த அரை வினாடிதான் சிரிப்பு. இதை அகன்ற ஷாட்டில், எல்லோரும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பொருந்தாத ஆளுக்கு மட்டும் குளோசப் வைத்தால் மற்ற பத்துப் பேரும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள், தாளம் தெரியாது, வெறும் முகச்சேட்டை மிஞ்சும். அதட்டுகிறவர் சிரிக்கவே கூடாது. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தாலும் பார்ப்பவருக்குப் பயம் போய்விடும். பயம் போனால் சிரிப்பும் போயிற்று.

முதல் படத்தில் இந்த இடத்தில் எட்டி கார்சியா இருந்தார். பரம்பரைப் பட்டாளக் குடும்பத்தின் தலைவரான ஜெனரல். பேரன் 'பக்லா' (ஒருபாலீர்ப்பு ஆண்) என்பதால் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைத்த தாத்தா. கார்சியா முகம் கருங்கல். அந்த முகத்துக்குள்ளே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 1971இல் லினோ ப்ரோக்காவின் 'துபோக் ஸா கிந்தோ'வில் தன் பாலியல்பை மறைத்து வாழும் குடும்பத் தலைவராக நடித்தவர் இதே கார்சியாதான். மணிலாவின் மூத்த ரசிகருக்கு, அந்த ஜெனரல் பேரனை முறைக்கும்போது நாற்பது வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்று பின்னால் ஓடும். துபாயில் உங்களுக்கு அது ஓட வழியில்லை, ஆனாலும் எதிர்ப்பக்கம் கனமாக இருப்பது மொழி தெரியாமலே புரிந்திருக்கும். நீங்கள் சிரித்தது அதனால்தான்.

கதைக்கு வெளியிலும் அப்போது ஒரு சூடு இருந்தது. ஒருபாலீர்ப்பாளர்கள் சேரத் தடையில்லை, பாகுபாட்டுக்கு இடமில்லை என்று பிலிப்பைன்ஸ் ஆயுதப்படை 2009 மார்ச்சில்தான் அறிவித்தது. படம் வந்தது இரண்டே வருஷத்தில்.

முதல் படத்தின் முடிவில் தாத்தா ஏற்றுக்கொண்டுவிட்டார், படையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பெஞ்சியை (பெஞ்சமினின் செல்லப் பெயர்) இனி யார் அதட்டுவது? புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு ஒரு முறைதான் பயிற்சி முகாம். தேறிய பிறகு வரிசையில் நின்று தடுமாற முடியாது. இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறவருக்கு இரண்டே வழி. நாயகனைப் பதவியிறக்கி மறுபடி அடிமட்டத்தில் விட வேண்டும், அல்லது நேற்றுவரை வரிசையில் சொதப்பியவனை இன்று பத்துப் பேருக்கு அதட்டும் பொறுப்பில் உட்கார வைக்க வேண்டும். இயக்குநர் வென் டெராமஸ் இரண்டையும் விட்டுவிட்டு, பெஞ்சியை எல்லோருக்கும் தெரிந்த வீரனாகவே வைத்துக்கொண்டு ஆட்களைப் புதிதாகச் சேர்த்தார். சீருடை அப்போது வெறும் உடுப்பாகிவிடுகிறது.

சேர்ந்த ஆட்களைப் பாருங்கள். ரிச்சர்ட் யாப் என்றால் அங்கே 'ஸெர் சீஃப்'. 'பி கேர்ஃபுல் வித் மை ஹார்ட்' என்ற பகல்நேரத் தொடரில் 2012 முதல் நாடே பார்த்த முகம். தொடர் முடிந்தது 2014 நவம்பர் 28, படம் வந்தது டிசம்பர் 25. தியேட்டரில் அவர் முகம் தெரிந்ததுமே பாதிச் சிரிப்பு தயாராக இருந்திருக்கும். நான் சொன்ன ஏழு வயதுச் சிறுவன் பிம்பி, நடிகை கிரிஸ் அகினோவின் மகன், அப்போதைய அதிபரின் தங்கை மகன். அதே விழாவில் அம்மா 'ஃபெங் ஷூய் 2' பேய்ப் படத்தில் இருந்தார். அந்த வருஷத்து எட்டுப் படங்களில் நான்கு தொடர்ச்சிகள், ஒன்று பதினைந்தாம் பாகம்! இதெல்லாம் ஊருக்குள் மட்டும் செல்லும் நாணயம். உங்கள் நண்பர்கள் சிரித்ததும் நீங்கள் சும்மா இருந்ததும் ரசனை வித்தியாசம் இல்லை.

சப்டைட்டிலும் கைகொடுக்காது. 'கபோக்' என்றால் பக்லாக்களின் கொச்சைப் பேச்சில் ஒருவரை மிஞ்சி மண்ணைக் கவ்வவைப்பது. அதன் முன்னும் பின்னும் ஆங்கிலத்தை ஒட்டியதுதான் 'அன்கபோகபிள்'. தலைப்பின் மற்ற பாதி 1980இன் ஹாலிவுட் 'பிரைவேட் பெஞ்சமின்' மீதான கிண்டல். இன்னொன்று, தகலாக் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் 'ஸியா' ஒன்றுதான். பெஞ்சியைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது அந்த மொழி பால் சொல்லாமலே கடந்துபோகும். ஆங்கிலச் சப்டைட்டில் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும்.

சிறுவன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைஸ் காண்டா மணிலாவின் காமெடி பார்களில் மைக் பிடித்து வளர்ந்தவர். எதிரில் இருப்பவரை வாய்ப்பேச்சால் வாருவதுதான் அவர் தொழில்முறை. அதற்கு எதிராளி பெரியவராக, திமிர் உள்ளவராக இருக்க வேண்டும். எதிரில் குழந்தை நின்றால் வாரவும் முடியாது, விட்டுக்கொடுத்தால் நாயகன் நாயகனாகவும் இல்லை. கடைசியில் கொஞ்சல்தான். இதில் சட்டமும் சேர்கிறது. குடியரசுச் சட்டம் 9231இன்படி 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம், இரவு எட்டு மணிக்கு மேல் கூடாது. நியாயமான சட்டம். ஆனால் படப்பிடிப்புத் திட்டம் போடுகிறவருக்கு அதன் பொருள் வேறு: குழந்தையின் குளோசப்புகளை முதலில் மொத்தமாக எடுத்துவிட்டு, மற்றவர்கள் பிறகு காற்றைப் பார்த்துப் பதில் சொல்வது. முதுகுப்பக்க ஷாட்டுக்கு டூப் நிற்கும். வெட்டி ஒட்டிய இரண்டு பாதிகளுக்கு நடுவே நகைச்சுவையின் நேரம் நழுவிவிடும். எந்த ஊரிலும் குழந்தை இருக்கும் அதிரடிப் படங்களைக் கூர்ந்து பார்த்தால் இந்தத் தையல் தெரியும்.

விமர்சகர்கள் அடித்தது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அடியில் ஒரு பங்கு விழாவுக்கே உரியது. முந்தைய வருஷம் 'மை லிட்டில் பாசிங்ஸ்' காட்சிக்குக் காட்சி விளம்பரப் பொருள்களைத் திணித்து வாங்கிக்கட்டிக்கொண்டது. பிம்பி அறிமுகமானது அதில்தான். அந்தக் கோபம் ஆறவில்லை. 2014இல் சிறந்த படமாக 'போனிஃபாசியோ' தேர்வானது, ஆனால் குடும்பங்கள் வரிசையில் நின்றது பெஞ்சமினுக்கு. சிறந்த நடிகர் விருது 'இங்கிலீஷ் ஒன்லி, ப்ளீஸ்' படத்துக்காக டெரெக் ராம்ஸேவுக்கு. முதல் பெஞ்சமினில் இருந்தாரே, அவரேதான்.

டெராமஸ் 2016 பிப்ரவரி 29 அன்று மாரடைப்பில் காலமானார். பெஞ்சமினுக்குப் பிறகும் வைஸ் காண்டாவை வைத்து 'பியூட்டி அண்ட் தி பெஸ்டி' எடுத்தார். அதில் பயிற்சி முகாமும் இல்லை, அணிவகுப்பும் இல்லை, வசூல் இன்னும் கூடியது.

நண்பர்களோடு மறுபடி பார்ப்பதாக இருந்தால், இரண்டாம் பாகத்துக்கு முன் ஸெர் சீஃப் தொடரில் நான்கைந்து பகுதிகள் பாருங்கள். முதல் படத்தின் முகாம் காட்சிகளை ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எங்கே சிரிப்பு வருகிறது, அப்போது சட்டகத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு அதையே இரண்டாவதிலும் செய்து பார்த்து எழுதுங்கள்.