ஆப்ட் லாக் ஃபைலை அழிச்சா சரியாயிடுமா? அழிச்சுப் பாத்தவன் சொல்றேன்

கேள்வி: உபுண்டு லினக்ஸ் சர்வர்ல ஆப்ட் (ப்ரோக்ராம் ஏத்துற, புதுப்பிக்கிற கருவி) அப்கிரேட் போட்டா லாக், அதாவது பூட்டு, கிடைக்கலன்னு நின்னுடுது, லாக் ஃபைலை அழிச்சுட்டு திரும்பப் போடலாமா?

அழிக்காதீங்க. "ஆர்எம் போட்டுத் தூக்கு, ஒரு நிமிஷ வேலை"ன்னு எங்கயோ படிச்சிருப்பீங்க (ஆர்எம்னா ஃபைலை அழிக்கிற கட்டளை), நானும் அதே மாதிரி ஒரு வரிய நம்பித்தான் தூக்கினேன்.

நான் ஐடி ஆளு கெடையாது, முதல்லயே சொல்லிடறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வாங்குற ரேம்ப்புல, அதாவது கொள்முதல் இடத்துல, கிராணி, கணக்கெழுதுற ஆளு. லோரி தராசுல ஏறினா எடை கம்பியூட்டர்ல விழும், அது பின் ரூம்ல ஒரு உபுண்டு சர்வர்ல மரியாடிபிங்கிற டேட்டாபேஸுக்குள்ள போய் உக்காரும். அதைப் பாத்துக்க தனி ஆள் இல்ல, "தம்பிக்குத்தான் கம்பியூட்டர் தெரியுமே"ன்னு என் தலையில கட்டிட்டாங்க, சம்பளத்துல பத்து வெள்ளி ஏறல.

அன்னிக்கு காலைல ஆறரை மணி, லோரி வர்றதுக்குள்ள அப்டேட்டை முடிச்சிடலாம்னு உக்காந்தேன். உபுண்டுல அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்னு ஒண்ணு இருக்கு, செக்யூரிட்டி அப்டேட்டை அதுவே போட்டுக்கும், நம்ம எதையும் மாத்தலன்னா சர்வர் கடிகாரத்துல காலைல 6-லேர்ந்து 7-க்குள்ள ஏதோ ஒரு நேரம் கிளம்பும். தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டு நேரம்னு வச்சுக்குங்க. அது உள்ள வேலை பாத்துக்கிட்டு இருந்ததாலதான் லாக். பூட்டைப் பிடிச்சிருந்த ப்ராசஸோட (ஓடிக்கிட்டிருந்த ப்ரோக்ராமோட) நம்பரும் பேரும்கூட ஸ்க்ரீன்ல போட்டிருந்துச்சு, யாரு படிச்சா. ரெண்டு லாக் ஃபைலையும் அழிச்சேன், அப்கிரேட் ஓடுச்சு, நான் தே தாரிக் (இழுத்த டீ) பார்சல் கட்டி வாங்கப் போயிட்டேன்.

ஃபைலை அழிச்சா பூட்டு கழண்டுடாது. முதல் ப்ராசஸ் பழைய ஃபைலைப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும், ரெண்டாவதுக்கு புதுசா ஒரு ஃபைல் பொறந்து அதுல தனிப் பூட்டு, அப்புறம் ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே இன்ஸ்டால் கணக்குல கை வைக்கும். திரும்பி வந்து பாத்தா மரியாடிபி பாதியில தொங்குது, தராசு ப்ரோக்ராம் திறக்கல, வெளிய ஏழு லோரி. குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போகணும், இல்லன்னா எண்ணெய்ல ஆசிட் ஏறி தரம் எறங்கிடும், அதனால ரெண்டு டிரைவர் வேற ரேம்ப்புக்குத் திருப்பிட்டாங்க. முதலாளி ஒண்ணும் பேசல, 555-ங்கிற சின்ன கணக்கு நோட்டை எடுத்து பேனாவால எடை எழுத ஆரம்பிச்சாரு. திட்டியிருந்தாகூட பரவால்ல.

கடைசியில சரியானது ரெண்டு கட்டளையால: பாதியில நின்னதை முடிக்கிற சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, அதுக்கப்புறம் உடைஞ்சதைச் சரி பண்ற சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால். பதினோரு மணி ஆயிடுச்சு. இப்ப நான் சாயங்காலம் தராசு மூடினப்புறம்தான் தொடுவேன், அதுவும் லைன் அறுந்தாலும் வேலைய விடாம ஓட்டுற டிமக்ஸ்க்குள்ள, ஏன்னா இங்க மழை இடிச்சா லைன் போயிடும். முதல்ல என்னென்ன மாறப் போகுதுன்னு ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள் போட்டுப் பாத்துடுவேன், மரியாடிபி தானா அப்கிரேட் ஆகாம ஆப்ட்-மார்க் ஹோல்ட்ல கட்டி வச்சிருக்கேன், நேரம் இருக்குற ஞாயித்துக்கிழமைதான் அவுப்பேன். ஹோல்ட் போட்டா செக்யூரிட்டி அப்டேட்டும் நிக்கும்னு சொல்ல வர்றீங்களா, தெரியும், அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை. ப்ரோக்ராமைத் தனிப் பெட்டியில ஓட்டுற டாக்கர் போடுங்கன்னு வர்றவங்க ஒரு நாள் இங்க வந்து முதலாளிகிட்ட டாக்கர்னா என்னன்னு வெளக்கிட்டுப் போங்க.

இதுல கொடுமை என்னன்னா, போன வாரம் கல்யாணத்துல எலையில சோறு விழுந்த நேரம் ஒரு அங்கிள் போனை நீட்டி "தம்பி, வாட்சப்ல போட்டோ ரொம்பிடுச்சு, பாத்துக் குடு"ங்கிறாரு. டாக்டரா இருந்தா பந்தியில சட்டையக் கழட்டிக் காட்டுவாரா.

சரி, உங்க விஷயம். லாக் செய்தியில நம்பர் பக்கத்துல என்ன பேர் இருக்கு? அன்அட்டெண்டெட்னு இருந்தா தானா முடியும், அரை மணி நேரம் விட்டுட்டுப் பாருங்க. வேற பேர்னா கீழ எழுதுங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல பாக்குறேன்.