செட்டில்மென்ட் கட்டினால் சிபில் சரியாகுமா?

கேள்வி: 2021-ல் வேலை போனபோது கிரெடிட் கார்டில் 62,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. வட்டியோடு இப்போது 1,48,000 ஆகிவிட்டதாம். வசூல் ஏஜென்ட் தினமும் போன் செய்து, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள 55,000 கட்டிடுங்க, சிபிலும் கிளியர் ஆகிடும்" என்கிறார். அடுத்த வருடம் வீட்டுக்கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். கட்டிவிடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இன்று சாயங்காலம் கட்ட வேண்டாம். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் நிறுவனமான சிபிலில் என்ன பதிவாகும் என்பது வங்கி அனுப்பும் தகவலைப் பொறுத்தது, அது ஏஜென்ட் கையில் இல்லை. 55,000 கட்டினால் போன் தொல்லை நிற்கும், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்கு நேராக 'செட்டில்டு' என்று ஏறிவிடும். கட்ட வேண்டியதில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தது என்று அதற்கு அர்த்தம், வீட்டுக்கடன் அதிகாரியின் கண் முதலில் அதில்தான் விழும். உங்களுக்கு வேண்டியது 'க்ளோஸ்டு', அதாவது பாக்கி எதுவும் இல்லாமல் கணக்கு முடிந்தது என்ற பதிவு.

அதனால் வங்கிக்கே மெயில் போடுங்கள். 62,000-ஐ முழுசாகவும் வட்டியில் ஒரு பகுதியும் தருகிறேன், தாமதக் கட்டணத்தையும் மிச்ச வட்டியையும் நீக்கிவிட்டு 'க்ளோஸ்டு' என்று ரிப்போர்ட் செய்வீர்களா என்று நேராகவே கேளுங்கள். ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் கிடைக்காது. முடியாது என்றால், முழுத் தொகையையும் புரட்ட வழியில்லாத பட்சத்தில் செட்டில்மென்ட்டுக்கே போங்கள், பின்னால் கையில் பணம் வரும்போது தள்ளுபடி செய்த தொகையையும் கட்டி 'க்ளோஸ்டு' என்று மாற்றித்தரக் கேட்கலாம். பழைய தாமதங்கள் மட்டும் கொஞ்ச காலம் ரிப்போர்ட்டில் தெரியத்தான் செய்யும்.

எதுவானாலும் முதலில் லெட்டர், அப்புறம் பணம். வங்கியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வர வேண்டும், வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ போதாது. கார்டின் கடைசி நான்கு எண்கள், தொகை, கடைசித் தேதி, கட்டியபின் எப்படி ரிப்போர்ட் செய்வார்கள் என்ற வரி, இத்தனையும் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். பணத்தை அந்தக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள், ஏஜென்ட்டின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டி முடித்ததும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழை வங்கியிடம் வாங்கிவிடுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். தப்பாக இருந்தால் சிபில் தளத்திலேயே புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

இன்னொன்று, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, மிரட்டவும் கூடாது. அப்படிச் செய்தால் தேதி, நேரத்தோடு குறித்துவைத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.