என் தம்பிக்கு மோட்டார் படகு விபத்து நடந்து நான்கு வருடம் ஆகிறது. காயம் ஆறியும் வலிக்கிறது என்கிறான். உண்மையாக இருக்குமா?

இருக்கும். தயவுசெய்து அவரை நம்புங்கள். எனக்கு 2013-இல் பட்ட அடி, காலையில் குனிந்து சப்பாத்து மாட்டும்போதெல்லாம் இன்றைக்கும் தெரிகிறது.

நான் மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு லூமுட் போய், ஃபெர்ரி ஏறி பங்கோர் போனோம். தெலுக் நிப்பாவில் தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு வேகப்படகு பிடித்தோம். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு பெரிய அலை மேல் ஏறிய படகு மறுபக்கம் பொத்தென்று விழுந்தது. பலகையை விட்டு எழும்பிய நான் இறங்கும்போது பலகை மேலே வந்து மோதியது. யாரும் கடலில் விழவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இடுப்புக்கு மேலே சுருக்கென்றது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன். மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. போன கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, அதுவும் என் மனைவி விடாமல் கேட்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்1 என்று சொல்லும், முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. விலா எலும்போடு சேர்ந்து விறைப்பாக நிற்கும் முதுகும், வளைந்து கொடுக்கும் இடுப்பும் சேரும் இடம் அது. கீழேயிருந்து குத்து வந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். வேகப்படகின் முன்பகுதியில் உட்காருகிறவர்களுக்கு இது வருவது எலும்பு மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயமாம். ஏறும்போது யாராவது சொல்லியிருந்தால் நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

எலும்பு சில மாதத்தில் கூடிவிட்டது, ஆனால் நசுங்கிய உருவத்திலேயே கூடியது. அதனால் மேல்முதுகு கொஞ்சம் முன்னால் சாய்கிறது. அதை நிமிர்த்திப் பிடிக்கத் தசைகள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கின்றன, வலி அதில்தான் என்று பிசியோ சொன்னார். செம்மண் சாலையில் லோரி ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் நேராக அங்கே போய் இடிக்கும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, எடைமேடை வேலைக்கு மாற்றிக் கேட்டேன். சம்பளம் குறைந்தது. விடுமுறையில் நடந்த விபத்து என்பதால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை விபத்து உதவி கிடைக்கவில்லை. அதன் இயலாமை ஓய்வூதியம் எங்கே அடிபட்டாலும் பொருந்தும், ஆனால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாதவர்களுக்குத்தான்.

உங்கள் தம்பிக்குப் பட்டது படகைத் தள்ளும் விசிறியின் (புரொப்பெல்லர்) வெட்டு என்றால் அது வேறு விதமான துன்பம். என் பெரியப்பா மகன் பந்தாய் ரெமிஸில் மீன்பிடிப் படகில் இருந்தார். சிக்கிய வலையை எடுக்கத் தண்ணீரில் இறங்கியபோது விசிறி சுழன்றுவிட்டது. மூன்று இதழ் விசிறி நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றினால் நொடிக்கு 160 வெட்டு. காலை இழுக்க எங்கே நேரம்? கடல் தண்ணீரும் சேறும் உள்ளே போனதால் புண்ணைத் திரும்பத் திரும்பத் திறந்து கழுவினார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது அந்த இல்லாத பாதத்தில் அவருக்குப் பெருவிரல் முறுக்கிக்கொள்கிறது. கால் போனாலும் மூளையில் அதற்குரிய இடம் அப்படியே இருக்கிறது. நம் தமிழர், மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இந்த வலிக்குக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அண்ணி அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி அண்ணனின் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்வார். அண்ணன் நல்ல காலின் விரல்களை மெதுவாக விரிப்பார். கண்ணாடியில் தெரியும் பாதம் விரிய விரிய, அவர் முகம் தளர்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பலிப்பதில்லை, அவருக்குப் பலிக்கிறது.

சரி, உங்கள் தம்பிக்கு முதுகு வலி என்றால் நின்றபடி ஒரு எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுத்து எடுத்தால் சாய்வு குறைவாகத் தெரியலாம். கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.