கடல் எல்லைத் தகராறை யார் தீர்ப்பது?

இரண்டு நாடுகள் ஒரே கடலுக்கு உரிமை கோரினால் யார் தீர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த நாடுகளேதான். இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் பேசித்தான் கோடு போட்டன. பேச்சு சரிவராவிட்டால் 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டச் சமவாயம் வழி காட்டுகிறது: ஹாம்பர்க் தீர்ப்பாயம், ஹேக் சர்வதேச நீதிமன்றம், அல்லது நடுவர் மன்றம்.

வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொப்பியில் வரைந்தே காட்டுவேன். கவராயத்தை வைத்து இரு கரைகளுக்கும் சம தூரத்தில் புள்ளிகள் குறித்து இணைத்தால் தற்காலிகக் கோடு வந்துவிடும். ஆனால் கரை கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தால்? நடுவிலுள்ள நாட்டின் இரு பக்கக் கோடுகளும் கடலில் ஒன்றையொன்று நெருங்கி, அதற்கு ஒரு சிறு முக்கோணமே மிஞ்சும். பங்களாதேஷின் நிலை அதுதான். அதனால் 2012இல் மியன்மாருடனான வழக்கிலும், 2014இல் இந்தியாவுடனான வழக்கிலும் கோட்டை நகர்த்தினார்கள். இரண்டாவதில் பங்களாதேஷுக்குக் கிடைத்தது சுமார் 19,467 சதுர கிலோமீற்றர். இந்தியா அதை ஏற்றது. சட்டத்தின்மேல் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

தீர்ப்பை நிறைவேற்றப் பொலிஸ் கிடையாது. 2016இல் பிலிப்பைன்ஸ் வென்ற தீர்ப்பைச் சீனா நிராகரித்தது. எல்லை வழக்குகளிலிருந்து முன்கூட்டியே விலகிக்கொள்ளவும் சமவாயம் இடம் தருகிறது.

நம் வடபகுதி மீனவரின் துயரம் வேறு வகை. அங்கே கோடு தீர்ந்த விடயம். அதைத் தாண்டி வரும் இழுவைப் படகுகள்தான் தீராதவை.