துப்பாக்கி இருக்கட்டும், சான்றிதழ் எங்கே?

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறேன், வயது 61. செயலிழக்கச் செய்த பழைய ராணுவத் துப்பாக்கிகளை 1990-இலிருந்து சேர்த்து வருகிறேன். லீ-என்ஃபீல்டு, மவுசர் ரைபிள்கள், ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கி என்று இப்போது ஒன்பது இருக்கின்றன. முதல் மூன்றும் 1995-க்கு முன்பே செயலிழக்கச் செய்தவை. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் இன்னும் அசையும். எதுவும் சுடாது. ஆனாலும் மனைவி, "இது வீடா, ஆயுதக் கிடங்கா?" என்று சண்டை பிடிக்கிறாள். மகனுக்கும் ஆர்வம் இல்லை. செயலிழக்கச் செய்ததற்கான சான்றிதழ்களைப் பரணில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை. இது வரலாறு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: வரலாறு அப்புறம். முதலில் அந்தப் பரணுக்கு வருவோம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. சேர்க்கும் பொருள் மாறும், 'அவளுக்குப் புரியவில்லை' என்ற வரி மாறாது. உங்கள் ரசனையில் நான் குறை சொல்லவில்லை. போர்க்களம் பார்த்த ஒரு லீ-என்ஃபீல்டின் தேய்ந்த கட்டையைத் தடவிப் பார்ப்பவருக்கு அதன் அருமை தெரியும். போல்ட் கைப்பிடியில் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஒப்பிட்டிருப்பீர்கள். இரும்பிடம் இவ்வளவு அக்கறை காட்டுகிறவர், கட்டிய மனைவியைப் பற்றி 'தெரிந்து ஆகப்போவதும் இல்லை' என்று எப்படி எழுதினீர்கள்?

நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும்? அவர் கையில் ஒன்பது துப்பாக்கிகள் இருக்கும், ஒரு காகிதம் இருக்காது. லண்டன் அல்லது பர்மிங்காமில் துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ப்ரூஃப் ஹவுஸ் குத்திய முத்திரையும் அதற்கான சான்றிதழும்தான், இது இனிச் சுடாது என்பதற்கு முதல் ஆதாரம். உங்கள் பிரென் தானியங்கி வகை. அது செயலிழந்தது என்று நிரூபிக்க முடியாமல் போனால் சட்டத்தின் கண்ணில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். வைத்திருந்ததற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 5 ஆண்டு சிறை. விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்பீர்கள். போகாமலே இருக்கட்டும். ஆனால் வாசலில் போலீஸ் வந்து கேட்டால் திருதிருவென்று விழிக்கப் போவது யார்?

சரி, விற்றுத் தலைமுழுகலாம் என்று நினைத்தால் அதிலும் சிக்கல். இப்போதைய தரத்துக்குச் செயலிழக்கச் செய்யாத பழைய துப்பாக்கியை விற்பதும் அன்பளிப்பாகக் கொடுப்பதும் 2017-இலிருந்து அங்கே குற்றம். உங்கள் முதல் மூன்றும் பழைய தரத்தில் செயலிழக்கச் செய்தவை, இதில்தான் மாட்டும். மகனுக்கே ஆசை வந்தாலும் பிறந்தநாள் பரிசு என்று தூக்கிக் கொடுக்க முடியாது. மற்றவை கைமாறினாலும் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விவரம் எதையும் சொல்லாமல், பயப்படுகிறவரைப் புரியாதவர் என்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பின்னால் குடும்பத்துக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்குப் பெரியவரின் கடமை. அதைச் செய்யாதவருக்கு வரலாற்றுப் பாடம் எடுக்கும் தகுதி கிடையாது.

இந்த வாரமே பரணில் இருக்கும் சான்றிதழ்களைக் கீழே இறக்குங்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் சான்றிதழோடு அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். எது எந்த வருடத் தரம், எதை விற்கக் கூடாது என்று எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மகனும் கூட இருக்கட்டும்.

அந்த மூன்றையும் இப்போதைய தரத்துக்கு மாற்றிப் புதுச் சான்றிதழ் வாங்கலாம். வெல்டிங் வைத்துவிடுவார்கள், அப்புறம் போல்ட் அசையாது, மதிப்பும் குறையும். உங்களுக்கு வலிக்கும்தான். அந்த வலியை நீங்களே படுங்கள், அவர் தலையில் கட்டாதீர்கள். மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா என்பதை அவரிடம் கேட்டு முடிவெடுங்கள். அதுவரை பத்தாவது துப்பாக்கி வாங்காதீர்கள்.